வலிப்பது முழங்கால், வாடுவது இடுப்பு

அச்சன்புதூரில் கால்வலி இல்லாத வீடு ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதான காரியமன்று. நாற்று நட்டவர்களுக்கு இடுப்பு, மூட்டை தூக்கினவர்களுக்கு முதுகு, பண்பொழித் திருமலைக்குப் படியேறி வந்தவர்களுக்கு முழங்கால் என்று வலிகள் முறையாகப் பங்கு பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. சாரல் தொடங்கிவிட்டால் இந்தக் கணக்கில் வாதமும் சேர்ந்துகொள்ளும். தைலம் ஒரு புட்டி வாங்கித் தேய்த்துக்கொண்டு, குற்றாலத்துக்குப் போய் ஐந்தருவியில் அரைமணி நேரம் தோளையும் இடுப்பையும் நீட்டிக்கொண்டு நின்றுவிட்டு வந்தால் தீராத வலியே இல்லை என்பது நம் ஜில்லாவின் பழைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல நாம் வரவில்லை. பெரும்பாலான வலிகள் பத்து நாளில் தாமே தீர்ந்து போகின்றன; புகழைத் தைலம் வாங்கிக்கொள்கிறது.

ஆனால், அருவிக்கும் தைலத்துக்கும் கட்டுப்படாத வலி ஒன்று உண்டு. அது கிழவர்களைத் தேடி வருவதன்று. முப்பது முதல் ஐம்பது வயதுக்குட்பட்டு, குடும்பத்தைத் தாங்கி நிற்கிற ஆண் பெண்களையே பெரும்பாலும் பிடிக்கிறது. இடுப்பு மூட்டில் உள்ள எலும்பு, ரத்தம் கிடைக்காமல் செத்துப் போவதே அந்த வியாதி. டாக்டர்கள் ‘அவாஸ்குலர் நெக்ரோஸிஸ்’ என்று நீட்டியும், ‘ஏ.வி.என்.’ என்று சுருக்கியும் சொல்லுவார்கள். 2021-ஆம் வருஷத்துக்குப் பிறகு இந்த மூன்றெழுத்து நம் பக்கத்து வீடுகளிலும் காதில் விழத் தொடங்கியிருக்கிறபடியால், இந்த வாரம் இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லலாம் என்று எண்ணுகிறோம்.

எலும்பு செத்துப் போகுமா என்று சிலர் வியக்கக்கூடும். எலும்பைக் கல்லோடும் மரக்கட்டையோடும் சேர்த்து நினைப்பதனால் வரும் வியப்பு இது. உண்மையில் எலும்பு உயிருள்ள பொருள். அதற்குள் உயிரணுக்கள் குடியிருக்கின்றன. ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. ஓயாமல் பழையது கரைந்து புதியது கட்டப்படுகிறது. தொடை எலும்பின் மேல் முனையில் ஒரு பந்து இருக்கிறது. அது இடுப்பெலும்பிலுள்ள கிண்ணத்தில் பொருந்திச் சுழல்கிறது. நாம் நிற்பது, நடப்பது, குனிவது, சம்மணமிட்டுப் பந்தியில் உட்காருவது எல்லாம் இந்தப் பந்தின் தயவினால்தான். ஒற்றைக் காலில் நிற்கும் போது இந்தப் பந்தின் மேல் விழும் பாரம் உடல் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அறுபது கிலோ எடையுள்ள மனிதர் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும் போதும் இரண்டு நெல் மூட்டைகளின் பாரத்தை அது தாங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு வேலை செய்கிற பந்துக்கு ரத்தம் வந்து சேருகிற வழி மிகவும் குறுகலானது. தொடை எலும்பின் கழுத்தைப் பற்றிக்கொண்டு மேலே ஏறுகிற சில மெல்லிய நாளங்களே முக்கியமான வழி. ஒரு மடை அடைத்தால் வேறு மடை திறந்துகொள்ளும் வசதி உடம்பில் பல இடங்களில் உண்டு. இங்கே அது சொற்பம். கடைமடை வயலுக்கு ஒரே வாய்க்கால் என்றால் அந்த வாய்க்கால் தூர்ந்தால் என்ன ஆகும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதற்கப்புறம் நடப்பதுதான் விசித்திரமானது. ரத்தம் நின்றதும் எலும்புக்குள் இருக்கும் அணுக்கள் சில மணி நேரங்களில், சில நாட்களில் மடிகின்றன. ஆனால் எலும்பு உடனே இடிந்துவிடுவதில்லை. செத்த எலும்பும் பல மாதம் பாரம் தாங்கும். அந்தக் காலத்தில் வலியே இல்லாமலும் இருக்கலாம். இதில் அழுகலும் இல்லை, சீழும் இல்லை, கிருமியும் இல்லை. ஆபத்து வருவது, உடம்பு அதைப் பழுது பார்க்க முயலும் போது. பழைய வீட்டுச் சுவரைப் புதுப்பிக்கும் கொத்தனார், உளுத்துப்போன செங்கல்லை முதலில் பெயர்த்து எடுத்துவிட்டுப் பிறகுதானே புதுச் செங்கல் வைக்கிறார்? எடுப்பது வேகமாகவும் வைப்பது மெதுவாகவும் நடந்தால், இடையில் அந்தச் சுவர் என்ன கதியாகும்? வீட்டுக்காரர்களோ குடியிருப்பை மாற்றாமல் அதே கூரையின் கீழ் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். மாடியில் நெல்லும் காய்கிறது. ஒரு நாள் மேற்பாகம் உள்ளே அமுங்குகிறது. தொடை எலும்பின் பந்திலும் இதேதான் நடக்கிறது. குருத்தெலும்பின் அடியில் முதலில் பிறைச் சந்திரனைப் போல ஒரு மெல்லிய விரிசல் தோன்றுகிறது. எக்ஸ்ரே படத்தில் அதைக் காணும் டாக்டர்களும் ‘பிறை அடையாளம்’ என்றே அதைக் குறிப்பிடுகிறார்கள். பிறகு பந்து உருண்டை வடிவத்தை இழந்து தட்டையாகிறது. தட்டையான பந்து கிண்ணத்தைத் தேய்க்க, கடைசியில் கிண்ணமும் கெட்டு மூட்டு முழுவதும் தேய்ந்து போகிறது.

பிரெஞ்சு தேசத்து வைத்தியர்களான பிக்கா, ஆர்லே இருவரும் இந்தப் போக்கை நான்கு படிகளாக வகுத்தார்கள். முதற்படியில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. இரண்டாவதில் எலும்பின் நிறம் மாறித் தெரியும், ஆனால் பந்து உருண்டையாகவே இருக்கும். மூன்றாவதில் பந்து அமுங்கிவிடும். நான்காவதில் மூட்டே தேய்ந்திருக்கும். பிற்காலத்தில் வேறு பலர் வேறு கணக்குகள் வகுத்திருக்கிறார்கள். வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய எல்லைக்கோடு ஒன்றே ஒன்றுதான்: பந்து அமுங்குமுன், அமுங்கியபின். முன்னால் என்றால் மூட்டைக் காப்பாற்றப் பார்க்கலாம். பின்னால் என்றால் அந்த வாய்ப்புகள் வெகுவாகக் குறைந்துவிடும்.

இந்த இடத்தில்தான் நம் மக்கள் ஏமாறுகிறார்கள். இடுப்பு மூட்டின் வலி இடுப்பில்தான் வரவேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் தொடை இடுக்கில் வரும். சில சமயம் பிருஷ்ட பாகத்தில் வரும். பலருக்குத் தொடை வழியாக இறங்கி முழங்காலில் வந்து நிற்கும். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் செல்வதனால் மூளை இடம் மாற்றி அறிகிறது. நம் பக்கத்துக் கட்டிட வேலைக்காரர் ஒருவர், நாற்பது வயதுகூட ஆகாதவர், எட்டு மாத காலம் வலது முழங்காலுக்கு வைத்தியம் செய்துகொண்டார். எண்ணெய்க் கட்டு, ஊசி, முழங்கால் எக்ஸ்ரே எல்லாம் ஆயின. முழங்கால் படத்தில் ஒரு குற்றமும் இல்லை, இருந்தால்தானே தெரியும்! கடைசியில் திருநெல்வேலியில் ஒரு டாக்டர் அவரைப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கிக் காலை உட்புறமாகத் திருப்பினாராம். மனிதர் அலறிவிட்டார். இடுப்பைப் படம் எடுத்துப் பார்த்தால் வலப்பக்கத்துப் பந்து அமுங்கியிருந்தது. அதுவரை ஒரு சிணுக்கமும் காட்டாத இடப்பக்கத்திலும் வியாதி தொடங்கியிருந்தது. அடிபட்டதனால் அல்லாமல் வேறு காரணங்களால் வருகிற ஏ.வி.என். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு பக்கமும் வருகிறது என்பது வைத்தியர்களின் அனுபவம்.

வீட்டிலேயே கவனிக்கக் கூடிய குறிகள் சில உண்டு. நேற்றுவரை சம்மணமிட்டுச் சாப்பிட்டவர் ஒரு காலை நீட்டிக்கொண்டு உட்காருகிறார். கால் நகம் வெட்ட எட்டவில்லை என்கிறார். சைக்கிளில் காலைத் தூக்கிப் போட முடியாமல் திண்ணை ஓரத்தில் நிறுத்தி ஏறுகிறார். குத்திட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைத் தேடுகிறார். இவற்றுடன் தொடை இடுக்கில் வலியும் நாலைந்து வாரம் நீடித்தால், ‘வாதம்’ என்று பெயர் வைத்து ஒதுக்கிவிடாமல் எலும்பு டாக்டரிடம் காட்டுவது அவசியம். எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்ற ஒன்றையே கொண்டு திருப்தி அடைந்துவிடவும் கூடாது. ஆரம்பத்தில் வியாதியைக் காட்டிக் கொடுப்பது எம்.ஆர்.ஐ. படமே.

காரணங்களுக்கு வருவோம். எளிதாய் விளங்குவது அடிபடுவது. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்தால், அதைப் பற்றி ஏறும் நாளங்களும் அறுந்து போகலாம். பந்து கிண்ணத்தை விட்டு நழுவினாலும் அப்படியே. நழுவிய மூட்டை ஆறு மணி நேரத்துக்குள் திரும்பவும் சேர்த்துவிட வேண்டும் என்று எலும்பு வைத்தியர்கள் வற்புறுத்துகிறார்கள். கட்டுப் போடுகிறவரைத் தேடிக்கொண்டு இரண்டு ஊர் சுற்றுவதற்கு அந்தக் கடிகாரம் இடம் கொடாது. அமெரிக்காவில் கால்பந்து, பேஸ்பால் இரண்டிலும் புகழ் பெற்ற போ ஜாக்ஸன் என்ற வீரர் 1991 ஜனவரியில் ஆட்டத்தின் நடுவே இடுப்பில் அடிபட்டார். அவ்வளவு வசதி நிறைந்த தேசத்தில், அவ்வளவு வலிமை பொருந்திய உடம்பிலும் பந்து செத்துப் போயிற்று. செயற்கை மூட்டு வைத்துக்கொண்டு 1993-இல் பேஸ்பால் ஆடத் திரும்பி வந்தார். கால்பந்துக்குத் திரும்பவே இல்லை.

அடிபடாமல் வருவதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று ஸ்டீராய்டு மருந்து, மற்றொன்று மது.

ஸ்டீராய்டைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். 1948-இல் அமெரிக்காவின் மேயோ ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹெஞ்ச், மூட்டுவாதத்தால் படுக்கையில் கிடந்த நோயாளிக்குக் கார்ட்டிஸோன் கொடுத்து எழுந்து நடக்கச் செய்த போது உலகம் அதிசயித்தது. 1950-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆஸ்த்மா, லூபஸ், சிறுநீரக மாற்றுச் சிகிச்சை என்று எத்தனையோ இடங்களில் அது உயிர் காக்கும் மருந்து. ஆனால் 1957-லேயே இத்தாலிய வைத்தியர்கள் அம்மருந்தை நெடுநாள் உட்கொண்டவருக்கு இடுப்பெலும்பு செத்ததைப் பற்றி எழுதிவிட்டார்கள். 2003-இல் சீனாவிலும் ஹாங்காங்கிலும் ஸார்ஸ் காய்ச்சல் பரவிய சமயம் ஏராளமான ஸ்டீராய்டு பெற்றுப் பிழைத்தவர்களில் பலருக்குப் பிற்பாடு இதே கதி நேர்ந்தது. எலும்புக்குள் கொழுப்பு பருத்து நாளங்களை நெருக்குகிறதா, கொழுப்புத் துளிகள் நாளங்களை அடைக்கின்றனவா, ரத்தம் உறைகிறதா என்பதில் வைத்திய உலகம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

கொரோனா வந்த போது நம் தேசமும் அந்தப் பாடத்தைப் படிக்க நேர்ந்தது. 2020 ஜூன் மாதம் இங்கிலாந்தில் நடந்த பெரிய பரீட்சையொன்று, பிராண வாயு தேவைப்படும் நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தஸோன் நாளைக்கு 6 மில்லிகிராம் வீதம் பத்து நாட்களுக்கு மேற்படாமல் கொடுத்தால் உயிர் பிழைப்போர் தொகை கூடுகிறது என்று காட்டிற்று. பிராண வாயு தேவைப்படாதவர்களுக்குப் பயன் இல்லை என்றும் அதுவே சொல்லிற்று. முதல் வாக்கியம் நாடெங்கும் பரவியது. இரண்டாவது வாக்கியம் பரவவில்லை! 2021 ஏப்ரல், மே மாதங்களில் காய்ச்சல் கண்ட முதல் நாளே கடையில் அந்த மாத்திரையை வாங்கி விழுங்கினவர்கள் எத்தனை பேர்! அதே வருஷம் மும்பை மாஹிமிலுள்ள இந்துஜா ஆஸ்பத்திரி டாக்டர்கள், கொரோனாவுக்குப் பின் ஏ.வி.என். கண்ட மூன்று பேரைப் பற்றி ஒரு வைத்தியப் பத்திரிகையில் எழுதினார்கள். மூவரும் நாற்பது வயதுக்குட்பட்டவர்கள். கொரோனா என்று தெரிந்த நாளிலிருந்து சராசரி 58 நாட்களில் இடுப்பு வலி தோன்றிவிட்டது. அவர்கள் உட்கொண்ட ஸ்டீராய்டு, பிரட்னிஸோலோன் கணக்கில் சராசரி 758 மில்லிகிராம். அதற்குமுன் 2000 மில்லிகிராம் அளவில், ஆறு மாதம் ஒரு வருஷம் கழித்து வரும் என்று எதிர்பார்க்கப்பட்ட வியாதி அது. மூன்று பேரைக் கொண்டு விதி வகுக்க முடியாது. அந்த வைரஸுக்கே இதில் பங்கு இருக்கலாம். எச்சரிக்கைக்கு மூன்று பேர் போதும்.

நம் பக்கத்தில் இன்னொரு விபத்து மறைந்து கிடக்கிறது. ‘ஒரு வேளை சாப்பிட்டால் மூட்டுவலி ஓடிவிடும்’ என்று பெயரும் விலாசமும் இல்லாத பொடிகளும் மாத்திரைகளும் சந்தைகளில் விற்கின்றன. மூலிகை இவ்வளவு வேகமாக வேலை செய்வதில்லை. இத்தகைய பொடிகளைப் பரிசோதித்த போது அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது இந்தியாவில் பல முறை வெளியாகியிருக்கிறது. நல்ல வைத்தியரிடம் முறைப்படி மருந்து வாங்குபவரை நாம் சொல்லவில்லை. என்ன மருந்து என்று எழுதித் தராதவரிடம் எதையும் வாங்கி உண்ணாதீர்கள் என்கிறோம். அதோடு மற்றொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: டாக்டர் சொல்லி ஸ்டீராய்டு உட்கொண்டு வருபவர்கள் இதைப் படித்துப் பயந்து நாளைக்கே நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே அபாயம் உண்டு. குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டரின் வேலை.

மதுவைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. அளவுக்கு மீறி, பல வருஷம் குடிப்பவர்களின் இடுப்பெலும்பு இதே போலச் சாகிறது. 1937 அக்டோபரில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்த போது ஈரலையும் குடும்பத்தையும் பற்றித்தான் பேசினார்கள். பட்டியலில் தொடை எலும்பையும் சேர்த்துக்கொள்ளலாம்.

குடியும் அறியாமல், மாத்திரையும் விழுங்காமல், பிறப்பிலேயே இந்த அபாயத்தைச் சுமந்து வருபவர்களும் நம் மாகாணத்திலேயே இருக்கிறார்கள். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் நீலகிரி மலைவாசிகளின் ரத்தத்தில் அரிவாள் வடிவ அணுக்களைக் கண்டார்கள். இந்தியாவில் அவ்வகை ரத்தக் குறை அறியப்பட்டது அப்போதுதான். அரிவாளாய் வளைந்த அணுக்கள் மெல்லிய நாளங்களில் சிக்கி அடைத்துக்கொள்கின்றன; வாய்க்கால் குறுகிய தொடைப் பந்து முதலில் பலியாகும் இடங்களில் ஒன்று. கூடலூரில் 1990-இல் தொடங்கப்பட்ட ஆதிவாசி ஆஸ்பத்திரி இந்நோயாளிகளைத் தேடிக் கண்டு பராமரித்து வருகிறது. 2023 ஜூலை 1-ஆம் தேதி மத்திய சர்க்காரும் இந்தக் குறையை ஒழிக்கத் தேசிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிறவர்கள் அப்பகுதிகளில் ரத்தத்தையும் பார்த்துவிடலாம்.

குழந்தைகளின் விஷயம் தனி. நான்கு முதல் எட்டு வயதுக்குள் சில பிள்ளைகளுக்கு, காரணம் விளங்காமலே, ஒரு பக்கத்துப் பந்துக்கு ரத்தம் குறைந்துவிடுகிறது. 1910-இல் அமெரிக்காவில் லெக், பிரான்ஸில் கால்வே, ஜெர்மனியில் பெர்த்தெஸ் மூவரும் தனித்தனியே இதை விவரித்தபடியால் மூவர் பெயரும் சேர்ந்து வழங்குகிறது. நம் மலைத்தொடரின் மறுபுறம், தென் கன்னடக் கரையில் உடுப்பிப் பக்கத்தில் இது அதிகம் காணப்படுகிறது என்று மணிப்பால் வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். இருபது வருஷமாகப் பையன்களின் நடையைப் பார்த்து வருகிற நமக்குத் தெரிந்தவரை, நொண்டும் பிள்ளையை முதலில் வீட்டார் திட்டுகிறார்கள். பிறகு ‘எங்கேயோ விழுந்திருப்பான்’ என்கிறார்கள். வலி இருக்காது, அல்லது முழங்காலைக் காட்டுவான். இரண்டு வாரத்துக்கு மேல் நொண்டினால் இடுப்பைப் படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பந்து தானே வளர்ந்து திருந்துகிறது. இளம் எலும்புக்கு இருக்கும் அந்தச் சலுகை பெரியவர்களுக்கு இல்லை.

சிகிச்சை என்ன? பந்து அமுங்குமுன் கண்டுபிடித்தால், எலும்பில் துளை போட்டு உள்ளே கட்டிய அழுத்தத்தைக் குறைத்துப் புது ரத்தம் வர வழி செய்கிறார்கள். அந்தத் துளையில் வேறிடத்து எலும்பையோ எலும்பு மஜ்ஜையையோ வைப்பதும் உண்டு. சிலருக்கு நன்மை; சிலருக்கு இல்லை. எலும்பு கரைவதைத் தடுக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரையை மும்பை வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு நல்ல பலன் சொல்லுகிறார்கள். தைவான் தேசத்து ஆராய்ச்சிகளில் ஒன்று ஆதரிக்க, பின்னால் வந்த மற்றொன்று மறுத்தது. கைத்தடி எளிய உதவி. வலது இடுப்பு வலித்தால் தடியை இடது கையில் பிடிக்க வேண்டும். நம்மவர்கள் வலிக்கும் பக்கத்திலேயே ஊன்றுகிறார்கள். மூட்டின் பாரம் குறைவது மறுகையில் பிடிக்கும் போதுதான்.

பந்து அமுங்கி மூட்டும் கெட்டுப் போனால் செயற்கை மூட்டுத்தான் கதி. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற ரண வைத்தியர் முதலில் டெப்லான் கிண்ணம் வைத்துப் பார்த்தார். நூற்றுக்கணக்கானோருக்கு அது தேய்ந்து கெட்டது. மனந்தளராமல் அந்தப் பொருளைத் தம் தொடையிலேயே ஊசி வழி ஏற்றிக்கொண்டு அது உடம்புக்கு ஒவ்வாததென்று அறிந்தார். 1962-இல் வேறு பிளாஸ்டிக்கைக் கொண்டு வெற்றி கண்டார். இன்றைய மூட்டுகள் அதன் சந்ததிகளே. பல தேசத்துப் பதிவேடுகளை ஒப்பிட்டு 2019-இல் வெளிவந்த கணக்கின்படி, நூற்றுக்கு 58 மூட்டுகள் 25 வருஷம் நிலைத்திருக்கின்றன. எழுபது வயதுக்காரருக்கு இது ஆயுளுக்குப் போதும். முப்பத்தைந்து வயதுக்காரருக்கு இரண்டாம் முறையும் கத்தி காத்திருக்கிறது. ஆகையால்தான் சிறு வயதில் முன்கூட்டியே கண்டுபிடிப்பது இவ்வளவு முக்கியமாகிறது.

செலவை எண்ணி மலைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2012 முதல் தமிழ்நாட்டில் நடந்து வரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடுப்பு மூட்டு மாற்றுதலும் சேர்ந்திருக்கிறது. வருமான வரம்புக்குட்பட்ட குடும்பங்கள் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டு போய், சேருமுன்பே ஆஸ்பத்திரியில் அதற்கென்றுள்ள மேஜையில் விசாரிப்பது நலம். டாக்டரிடம் போகும் போது, கடந்த இரண்டு மூன்று வருஷங்களில் உட்கொண்ட மருந்துச் சீட்டுகளையும், கொரோனாக் காலத்து ஆஸ்பத்திரிக் காகிதங்களையும் எடுத்துச் செல்லுங்கள். படம் எடுக்கச் சொன்னால், வலிக்கிற பக்கத்தோடு நிறுத்தாமல் இரண்டு இடுப்பையும் சேர்த்து எடுக்கும்படி கேளுங்கள்.